கண்ணாடி கழற்றிய முகம்

இந்த உலகத்தில் அக்காவுக்கு ஒரே ஒருத்தியைத்தான் அடியோடு பிடிக்காது. பெயர் சொல்ல மாட்டாள். 'கண்ணாடிக்காரி' என்பாள், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு. பள்ளிச் சீருடை தைத்துப் பிழைக்கிறவள் அக்கா. துணி கொடுக்க வருகிறவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், தபால்காரர், காய்கறிக்காரர் என்று எல்லோருக்கும் அவள் அக்காதான். கூடப் பிறந்த பாத்தியதையில் அப்படிக் கூப்பிட ஒரே ஒருத்தன்தான் இருந்தான். அவன் இப்போது சிறையில் இருந்தான். அவனை உள்ளே தள்ளியது கண்ணாடிக்காரியின் சாட்சி.

நடந்தது இதுதான். ஊரின் மறுகோடியில், கடைத்தெருவில், போன் ரிப்பேர் கடை ஒன்று. ஒரு பிற்பகல், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்துப் பிள்ளைகள் திமுதிமுவென்று தெருவில் இறங்கிய நேரம். எவனோ ஒருத்தன் அந்தக் கடைக்குள் புகுந்து, குனிந்து வேலை செய்துகொண்டிருந்த கடைக்காரரைப் பின்னாலிருந்து மண்டையில் அடித்துவிட்டு, மேசையில் கிடந்த போன்களை அள்ளிக்கொண்டு ஓடினான். கடைக்காரர் பிழைத்துக்கொண்டார், ஆனால் ஒரு காது கேட்காமல் போய்விட்டது. அடித்தவன் முகத்தை அவர் பார்க்கவில்லை. பார்த்தது பக்கத்துக் கடைக்காரி. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த அந்த அம்மாள் வாசல் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஓடி வந்தவன் நேராக அவள் மேல் வந்து மோதினான். மூச்சுக்காற்று படுகிற தூரத்தில் அவன் முகத்தைப் பார்த்தாள்.

தம்பி கடைசல் பட்டறையில் வேலை செய்கிறவன். கண்ணில் அத்தனை தடித்த கண்ணாடி, அதனால் பட்டறையில் அவனுக்குச் சோடாபுட்டி என்று பெயர். கோபம் வந்தால் வாய் நிற்காது. சம்பவத்துக்குச் சில நாள் முன்னால் அந்தப் போன் கடைக்குப் போய், ரிப்பேர் செய்து கொடுத்த போன் மறுபடி செத்துப்போனதற்காக, கடையையே தூக்கிவிடுவேன் என்று நடுத்தெருவில் நின்று கத்திவிட்டு வந்திருந்தான். போலீசுக்கு வேறென்ன வேண்டும்? பிடித்துக்கொண்டு போனார்கள். ஓடினவன் கண்ணாடி போட்டிருக்கவில்லை என்று கண்ணாடிக்காரி சொல்லியிருந்தாள். அதனால் அடையாள அணிவகுப்பில் நின்ற எல்லோரையும் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள். அவள் வரிசையை ஒருமுறை பார்த்தாள். தயங்காமல் சோடாபுட்டியின் முன்னால் போய் நின்றாள். கண்ணாடி இல்லாமல் தெருமுனைகூடத் தெரியாதவன் எப்படி ஓடுவான் என்று அவன் வக்கீல் கேட்டுப் பார்த்தார். அடிக்கிற நேரம் போட்டிருந்துவிட்டு, அடையாளம் தெரியாமலிருக்கக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஓடுவது பெரிய வித்தையா என்று அரசு வக்கீல் திருப்பிக் கேட்டார்.

தம்பிக்கு இருந்த ஒரே துணை அக்காவின் வார்த்தை. அன்றைக்கு அவன் பட்டறைக்கு விடுமுறை போட்டுவிட்டு அவள் வீட்டில் அவளுடைய தையல் மெஷினைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். அவள் வீட்டிலிருந்து கடைத்தெருவுக்குப் பஸ்ஸில்தான் போக வேண்டும். கீழ்க்கோர்ட் நீதிபதி இரண்டு பேரையும் தராசில் வைத்தார். கண்ணாடிக்காரியைப் பற்றி, 'முகங்களைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர், பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லாதவர்' என்று எழுதினார். அக்காவைப் பற்றி எழுதியதை அவள் மறக்கவே மாட்டாள். 'ஒரு மதியம் முழுவதும் தம்பியின் மேல் வைத்த கண்ணை எடுக்கவே இல்லை என்கிறார். பாசம் பேசுகிறது, உண்மை பேசவில்லை.'

மேல்முறையீட்டுக்கு அரசு செலவில் ஒரு வக்கீல் கிடைத்தார். நல்ல மனிதர், உழைப்பாளி, ஆனால் ஆறுதல் சொல்லத் தெரியாது. அவர் விஷயத்தைப் புட்டுப் புட்டு வைத்தார்.

"இந்தப் பக்கம் அந்தம்மாவோட கண்ணு. அந்தப் பக்கம் உங்க நாக்கு. கீழ்க்கோர்ட்டு கண்ணைத்தான் நம்புச்சு. அந்தம்மா சாட்சியில ஒரு ஓட்டை கிடைக்குமான்னு வரி வரியாப் பார்த்துட்டேன். இல்ல. உண்மையைச் சொல்றேன், அப்படி ஒரு சாட்சி என் பக்கம் இருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன்."

எதிரியை வாயாரப் புகழ்கிற வக்கீலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அக்கா எரிச்சலோடு வீடு திரும்பினாள். அந்த எரிச்சலுக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. ஓட்டை தன் சாட்சியில்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

தம்பி வீட்டில் இருந்தது நிஜம். மெஷினைப் பிரித்தது நிஜம். ஆனால் கண்ணை எடுக்கவில்லை என்றது நிஜமில்லை. வெயில் தாழ்ந்ததும் அவள் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள். அங்கே கீழ்வீட்டு அத்தையும் துணி எடுக்க வந்திருந்தாள். இரண்டு பெண்கள் மாடியில் சந்தித்தால் துணி எடுக்க எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும். கீழே தம்பி மெஷினை ஓட விடுவதும் நிறுத்துவதுமாக இருந்தது முழுக்கக் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது. போலீஸ்காரர் வந்து தம்பியின் சட்டையைப் பிடித்தபோது, பதறிய பதற்றத்தில், "நான் அவன் பக்கத்துலயேதான் இருந்தேன், கண்ணை எடுக்கல" என்று சொல்லிவிட்டாள். சொன்னது எழுத்தில் ஏறியது. அப்புறம் கூண்டிலும் அதையே சொல்ல வேண்டியதாயிற்று. சாட்சி சொல்ல வருகிறேன் என்ற அத்தையையும் அவளே தடுத்தாள். அத்தை வந்தால் மாடிக் கதை வெளியே வரும், கண்ணை எடுத்தது தெரிந்துவிடும். பார்த்ததோடு ஒரு பிடி சேர்த்துச் சொன்னால் தம்பிக்குப் பலம் என்று அவள் நினைத்தாள்.

இந்த நிலைமையில் சிறையில் தம்பியின் கண்ணாடி உடைந்தது. பார்க்கப் போனபோது அவன் கம்பிக்கு அந்தப் பக்கம் தடவித் தடவி வந்து உட்கார்ந்தான். ஒரு பக்கக் கண்ணாடி குறுக்கே கீறியிருந்தது. போட்டால் தலை சுற்றுகிறது என்றான்.

"இன்னைக்கு என்ன புடவை கட்டியிருக்க, அக்கா? ஒண்ணும் தெரியல, ஒரே மங்கலா இருக்கு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நல்ல புடவைதான் என்றாள். கண்ணாடியை வாங்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினாள். இவ்வளவு பவர் எங்களால் ஆகாது என்று கையை விரித்தவர்கள் எல்லோரும் ஒரே கடையைத்தான் காட்டினார்கள். கடைத்தெருவில், போன் கடைக்கு அடுத்த கடை. நான் செத்தாலும் அந்தப் படி ஏற மாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அக்கா ஏறினாள். ஏறும்போது, கண்ணாடி வேலை முடிகிறதோ இல்லையோ, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்ற நினைப்பும் இருந்தது.

கடை சின்னது, அழுக்கில்லாதது. கண்ணாடிக்காரி நிமிர்ந்து பார்த்த மாத்திரத்தில் அக்காவைத் தெரிந்துகொண்டாள். அவளுக்கு ஒரு முகம் ஒருமுறை போதும்.

"நீங்க அந்தப் பையனோட அக்கா. உட்காருங்க."

கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையையும் அக்கா விட்டுவிட்டாள். அந்தக் குரலில் கர்வமும் இல்லை, குற்ற உணர்ச்சியும் இல்லை. அக்கா கண்ணாடியை மேசைமேல் வைத்தாள்.

கண்ணாடிக்காரி அதை எடுத்து விளக்கடியில் பிடித்தாள். கீறலைப் பார்த்தாள். பிறகு காதில் மாட்டும் கம்பிகளை விரலால் தடவினாள். இடது கம்பியின் நுனியில் விரல் நின்றது. கண்ணாடியைத் தலைகீழாகத் திருப்பி மேசைமேல் வைத்து, குனிந்து பார்த்தாள். ஒரு கம்பி மற்றதைவிடச் சற்றே தாழ்ந்து வளைந்திருந்தது.

"இதை எங்க வாங்கினது?"

வாங்கவில்லை, பட்டறையில் கொடுத்தது என்றாள் அக்கா. பல வருஷத்துக்கு முன்னால் பட்டறை முதலாளி எல்லாத் தொழிலாளிகளுக்கும் கண் பரிசோதனை வைத்தார். யாரோ வந்து அளவெடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு கண்ணாடிகள் பெட்டியில் வந்தன. அவனுக்கு அந்தப் பவர் மாறவே இல்லை, ஃபிரேமும் உடையவில்லை, அதையேதான் போட்டுக்கொண்டிருக்கிறான்.

கண்ணாடிக்காரி உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. அந்த 'யாரோ' தான்தான் என்று பிறகு சொன்னாள். அப்போது சொந்தக் கடை கிடையாது, பெரிய கடை ஒன்றில் வேலை. பட்டறைக்குப் போய், வரிசையாக வந்து உட்கார்ந்தவர்களின் பழைய கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொருவரின் மூக்கையும் காதையும் கண் இடைவெளியையும் அளந்தது அவள். ஒருத்தனுக்கு ஒரு காது மற்றதைவிடத் தாழ்ந்திருந்ததால், பெட்டியில் போட்டு அனுப்புவதற்கு முன்பே அந்த முகத்தை மனசில் வைத்துக் கம்பியைச் சூடுகாட்டி வளைத்தாள். ஆள் யாரென்று கேட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடியோடு அந்த ஆளை அவள் பார்த்ததே இல்லை. அவனோ கண்ணாடி இல்லாமல் எதிரே இருந்தவள் முகத்தைப் பார்த்திருக்க வழியே இல்லை.

"ஊர்ல எல்லாரும் ஆளைக் கண்ணாடியோடதான் பார்ப்பாங்க. நான் கழட்டின முகத்தைத்தான் பார்ப்பேன்," என்றாள். "வரிசையில நிறுத்திக் கண்ணாடியைக் கழட்டச் சொன்னாங்க. ஒரு முகம் மட்டும் எனக்குச் சட்டுனு தெரிஞ்சுது. தெரிஞ்ச முகம், அதனால அவன்தான்னு கை நீட்டிட்டேன். எங்க தெரிஞ்சுதுன்னு என்னை நானே கேட்டுக்கல."

அக்காவுக்கு இத்தனை நாளாக அடைத்துக்கிடந்த கதவு ஒன்று திறந்த மாதிரி இருந்தது. எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் மனசுக்குள் திட்டிய திட்டெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"கோர்ட்டுல வந்து சொல்லிடுங்க, அக்கா. ஓடினது என் தம்பி இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்க காலைப் பிடிச்சுக்கறேன்."

கண்ணாடிக்காரி கையை உதறவில்லை. ஆனால் தலையை ஆட்டினாள்.

"அதை மட்டும் கேக்காதீங்கம்மா. அன்னைக்குத் தெரிஞ்சதுக்கு மேல சொல்லிட்டேன். அதுக்கு ஒரு பையன் உள்ள இருக்கான். மறுபடியும் தெரிஞ்சதுக்கு மேல சொல்ல மாட்டேன். அவன் இல்லைன்னு எனக்குத் தெரியாது. அவன்தான்னும் தெரியாது. அதை வேணும்னா எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

அக்கா கையை விட்டாள். கோபம்தான் வந்தது. கொடுக்கிறதே கொடுக்கிறாள், முழுசாகக் கொடுத்தால் என்ன? ஆனால் படி இறங்கி வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தக் கோபம் நிலைக்கவில்லை. தான் பார்த்ததோடு சேர்த்துச் சொன்ன அந்த ஒரு பிடி நெஞ்சில் உறுத்திக்கொண்டே வந்தது.

வக்கீலிடம் சொன்னதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். எதிர்த்தரப்புச் சாட்சியை நேரில் போய்ப் பார்த்தீர்களா, சாட்சியைக் கலைத்ததாகச் சொல்வார்கள், இருக்கிறதும் போய்விடும் என்று புலம்பினார். அவர் பயப்பட்டதற்கு அவசியமில்லாமல் போயிற்று. கண்ணாடிக்காரி இவர்கள் பக்கம் வரவே இல்லை. மறுநாளே கடையைப் பூட்டிக்கொண்டு நேராக அரசு வக்கீலின் அலுவலகத்துக்குப் போனாள். தன்னைச் சாட்சியாகக் கூட்டி வந்தவர் அவர், அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தாளாம். அரசு வக்கீல் கறாரான ஆள். ஒரு மணி நேரம் அவளைக் குடைந்து எடுத்தார். பிறகு, மறைத்து வைக்கிற விஷயமில்லை இது என்று அவரே நீதிபதிகளுக்கு எழுதிக் கொடுத்தார். மேல்முறையீட்டில் பழைய சாட்சியை மறுபடி கூப்பிடுவது அபூர்வம். கூப்பிட்டார்கள்.

அன்றைக்கு நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள். ஒருவர் வயதான ஆண், மற்றவர் பெண். பின்வரிசையில் போன் கடைக்காரர் கேட்கிற காதை முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்காரிக்கும் அவருக்கும் வருஷக்கணக்கான பழக்கம். அவர் மருத்துவமனையில் கிடந்தபோது அவருடைய கடையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். அன்று அவள் அவரைக் கடந்து கூண்டுக்குப் போனபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் நடந்ததைச் சொன்னாள். அழவில்லை, இழுக்கவில்லை. அரசு வக்கீல் எழுந்தார்.

"இவரோட அக்கா உங்க கடைக்கு வந்தாங்களா?"

"வந்தாங்க."

"உங்ககிட்ட என்ன கேட்டாங்க?"

"ஓடினது அவங்க தம்பி இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க."

தம்பியின் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். அக்காவுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"முடியாதுன்னு சொன்னேன்."

பெண் நீதிபதி முன்னால் சாய்ந்தார். அப்படியானால் ஓடியது இவர்தான் என்கிறீர்களா என்று கேட்டார்.

"இல்லைங்க. யாருன்னு எனக்குத் தெரியலைங்க. தெரியும்னு நினைச்சேன். அந்த முகம் எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும்ங்கறது அப்ப எனக்குத் தெரியாது. என் மேல மோதினவன் முகத்தை நான் ஒரு கணம்தான் பார்த்தேன். இந்தத் தம்பி முகத்தை அளவெடுத்துப் பார்த்திருக்கேன். ரெண்டையும் இப்ப என்னால பிரிக்க முடியலைங்க."

முகம் பார்ப்பதில் கெட்டிக்காரி என்று ஒரு கோர்ட்டே எழுதிக் கொடுத்த பட்டயத்தை அவள் தன் கையாலேயே கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் கிழிக்கச் சொல்லவில்லை. அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் வெறுத்த ஒருத்தியைப் பார்த்து, இப்படி ஒருத்தியாக இருக்க முடிந்தால் எப்படி இருக்கும் என்று ஏக்கம் வந்தது அவளுக்கு.

ஆனால் வழக்கு அதோடு முடியவில்லை. அரசு வக்கீல் விடவில்லை. கண்ணால் கண்ட சாட்சி போனாலும் பகை இருக்கிறதே, நடுத்தெருவில் போட்ட மிரட்டல் இருக்கிறதே என்றார். வயதான நீதிபதி அக்காவின் பழைய வாக்குமூலத்தைப் புரட்டினார். ஒரு கணமும் கண்ணை எடுக்கவில்லை என்பதை எப்படி நம்புவது என்று வாய்விட்டே கேட்டார். இது பொய்யென்றால், நிரபராதிக்குப் பொய் எதற்கு? மதிய இடைவேளைக்குக் கலைந்தார்கள்.

தாழ்வாரத்தில் அக்கா வக்கீலை ஓரமாகக் கூப்பிட்டு மாடிக் கதை முழுவதையும் சொன்னாள். அவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அப்படியே கீழே வைத்தார்.

"இப்பச் சொல்றீங்களே! அந்தம்மா சாட்சி உடைஞ்சாச்சு. சந்தேகத்தின் பலன்னு பையனை விட்டுடுவாங்க, முக்கால்வாசி நம்ம பக்கம். நீங்க இப்பப் போய்ப் பொய் சொன்னேன்னு நின்னா, அவன் மேல இருக்கற நம்பிக்கையும் போகும், பொய்ச் சாட்சின்னு உங்க மேலயும் வழக்கு வரும். வாயைத் திறக்காதீங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அக்காவுக்கும் அது தெரிந்தது. பேசாமல் இருந்தால் தம்பி வந்துவிடலாம். பேசினால் வராமலே போகலாம். இதைவிட ஒருத்திக்கு என்ன வேண்டும், பேசாமல் இருக்க? எதிரே பெஞ்சில் கண்ணாடிக்காரி தனியாக உட்கார்ந்து, கொண்டுவந்த சாப்பாட்டைப் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தாள். கடைத்தெருவிலிருந்து வந்திருந்தவர்கள் யாரும் அவள் பக்கம் வரவில்லை.

"சந்தேகத்துல வெளிய வந்தா, ஊரு அவனைச் சந்தேகமாத்தானே சார் பார்க்கும்?" என்றாள் அக்கா. "அந்தம்மா என் தம்பிக்காக வரல. தெரிஞ்சதைத் தெரிஞ்ச அளவு சொல்ல வந்தாங்க. நான் கூடப் பிறந்தவ. எனக்கு அந்தத் தைரியம் இல்லைன்னா அப்புறம் என்ன இருக்கு?"

வக்கீல் பாட்டிலை எடுத்துக்கொண்டு, வாங்க என்றார்.

அக்கா கூண்டில் ஏறினாள். மாடிக்குப் போனதைச் சொன்னாள், துணி எடுத்ததைச் சொன்னாள், அத்தையை வர வேண்டாமென்று தடுத்ததையும் சொன்னாள். அரசு வக்கீல் அவளைப் பிழிந்தெடுத்தார். கீழ்க்கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னாயா என்று கேட்டார். ஆமாம் என்றாள். இப்போது சொல்வதை மட்டும் ஏன் நம்ப வேண்டும் என்றார்.

"என்னை நம்ப வேண்டாங்க. நான் அவனைப் பார்க்கல, கீழ இருந்து வந்த சத்தத்தைத்தான் கேட்டேன். மாடியில என்கூட இருந்தவங்க ஒருத்தர் இருக்காங்க. அவங்களைக் கேளுங்க."

அடுத்த தேதியில் கீழ்வீட்டு அத்தை வந்தாள். அத்தைக்கு அக்காவிடம் அப்படியொன்றும் பிரியம் கிடையாது. தையல் மெஷின் சத்தத்துக்காக வீட்டுச் சொந்தக்காரரிடம் புகார் செய்தவளே அவள்தான். கூண்டில் ஏறியதும் அந்தப் புகாரிலிருந்தே ஆரம்பித்தாள். அன்றைக்கு மதியம் கண் அசர முடியவில்லை, தலைக்கு மேலே ஒரே கடகடா. தாங்க முடியாமல்தான் மாடிக்கே போனேன். போனால் இவள் வந்து நிற்கிறாள். பேசிக்கொண்டிருக்கும்போது எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. மணிச் சத்தத்தையும் மீறி மெஷின் ஓடியது. நான் மாடிச் சுவரில் எட்டிப் பார்த்து, ஏண்டா, மெஷின் ஓட்டறியா விமானம் ஓட்டறியா என்று கத்தினேன். ஜன்னலில் தலையை நீட்டி, இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்க அத்தை, பறந்துடுவேன் என்றான் அந்தத் தடிக் கண்ணாடி. திமிரைப் பாருங்கள்.

நீதிமன்றத்தில் சிரிப்பு எழுந்தது. வயதான நீதிபதி சிரிக்கவில்லை. ஊரில் பள்ளிக்கூடங்கள் எல்லாம் ஒரே நேரத்தில்தான் விடுகின்றனவா என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். ஆமாம், எல்லாம் ஒரே நேரம்தான். போன் கடைக்காரர் அடிபட்டதும் அந்த மணி அடித்தபோதுதான். அரசு வக்கீல் அத்தையை அப்படியும் இப்படியும் அசைத்துப் பார்த்தார். அக்காவுக்காகப் பொய் சொல்கிறாயா என்று கேட்டதற்கு அத்தை, இவளுக்காக நான் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்க மாட்டேன் என்றாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பைப் பெண் நீதிபதி வாசித்தார். தம்பி அந்த இடத்தில் இருக்கவில்லை என்பதை நம்புகிறோம் என்றார். சந்தேகத்தின் பலன் என்ற வார்த்தையே அதில் வரவில்லை. அக்கா முன்பு சொன்னது தவறென்று கண்டித்துவிட்டு, அதை அவளே வந்து திருத்திக்கொண்டதால் மேற்கொண்டு நடவடிக்கை வேண்டியதில்லை என்றும் எழுதியிருந்தார். ஒரு சாட்சி தான் பார்த்ததைவிட அதிகமாகச் சொன்னதால் ஒருவர் சிறைக்குப் போனார், இன்னொரு சாட்சி தான் அறிந்ததைவிட அதிகமாகச் சொன்னதால் அவரால் வெளியே வர முடியவில்லை, இருவரும் தாமாகத் திரும்பி வந்து அந்த அதிகத்தைக் கழித்துக்கொண்டார்கள், இப்படிப்பட்டவர்களை இந்த நீதிமன்றம் அடிக்கடி பார்ப்பதில்லை என்று வாசித்து நிறுத்தினார். அக்காவுக்கு அழுகை அப்போதுதான் வந்தது.

வாசலில் தம்பி, சில்லு மாற்றிய கண்ணாடியோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். படியோரம் கண்ணாடிக்காரி நின்றிருந்தாள், போகவும் இல்லாமல் வரவும் இல்லாமல். அக்கா அவனை அவள் முன்னால் கூட்டிக்கொண்டு போனாள். தம்பிதான் முதலில் கண்ணாடிக்காரியிடம் கேட்டான்.

"இப்பவாவது அவன் நான் இல்லைன்னு நம்பறீங்களா, அக்கா?"

"நம்பறேன்ப்பா. மணி அடிச்ச நேரம் நீ ஜன்னல்ல தலையை நீட்டிக்கிட்டு இருந்த. அது எனக்குத் தெரியும்." அவள் குரல் முதல் முறையாக உடைந்தது. "ஆனா கண்ணை மூடினா, இன்னைக்கும் என் மேல வந்து மோதறது உன் முகம்தான். தப்புன்னு தெரிஞ்சும் மாறல. மாறும்னு நினைச்சேன். மாறவே மாட்டேங்குது."

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. கூண்டில் நின்று பேசிய அன்றைக்கும் இந்த மனுஷிக்குக் கண்ணில் தெரிந்தது தம்பியின் முகம்தான். தன் கண் கண்டதையே ஒதுக்கி வைத்துவிட்டு அவள் அங்கே பேசியிருக்கிறாள். அக்காவுக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. ஆனால் கை எழவில்லை.

தம்பி கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மங்கலாகத் தெரிந்த திசையைப் பார்த்துச் சொன்னான்.

"அப்பப்ப கடைக்கு வந்து இப்படியே உட்கார்றேன் அக்கா. பார்த்துப் பார்த்து அந்த மோதற முகத்தை மாத்திக்குங்க."

கண்ணாடிக்காரி சரி என்று தலையாட்டினாள். அவனுக்கு அது தெரிந்திருக்காது என்பதால், அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, சரின்னுட்டாங்க என்றாள்.